ஏரியில் என்ன வாழ்கிறது என்பதை வாய்க்காலில் நடந்து தெரிந்துகொள்வது எப்படி

ஒரு ஏரியில் எத்தனை வகை மீன், எத்தனை வகைப் பறவை, எத்தனை வகைக் கொடி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையா? முதலில் அந்த ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் இறங்கி ஆறு வரைக்கும் நடந்து போங்கள். கரை மேல் ஏறிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்துச் சின்ன ஏரிகளை மீன் குத்தகைக்கு எடுப்பது எங்கள் குடும்பத் தொழில். ஏலத்துக்கு முன்னால் அப்பா வரத்து வாய்க்காலைத்தான் பார்த்துவிட்டு வருவார். ஷட்டர் ஏறி இறங்குகிறதா, எங்கே மேடு தட்டியிருக்கிறது, எந்தப் பாலத்தடியில் குப்பை அடைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு வரைக்கும் ஏலம் கேட்கலாம் என்று முடிவு செய்வார். பிறகு நான் கடலூர் பெரியார் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது, அவர் பார்த்துவந்த இதே விஷயம் உலகம் முழுக்க ஆற்றங்கரை ஈரநிலங்களில் ஆராயப்படுகிறது என்று தெரிந்தது.

அதில் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. 1989-ல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் சொன்னது: பெரிய ஆறுகளில் உயிர்வளத்தைத் தீர்மானிப்பது ஆண்டுதோறும் வெள்ளம் கரை தாண்டிப் பரவுவதும் திரும்ப வடிவதும்தான். பரவும்போது மீன் மேய்ச்சலுக்கும் முட்டையிடவும் ஆழமில்லாத நிலத்துக்கு வருகிறது. வடியும்போது அங்கே வளர்ந்த குஞ்சுகள் ஆற்றுக்குப் போகின்றன. இந்தப் போக்குவரத்து அறுந்தால் ஆறும் இளைக்கும், ஏரியும் இளைக்கும்.

நம் பக்கத்து ஏரிகள் தானாக உண்டானவை அல்ல. ஆற்றுச் சமவெளியில் கரை போட்டு, அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வெட்டி முன்னோர் உண்டாக்கியவை. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டு, அங்கிருந்து பங்காரு வாய்க்கால், அதன் வழியாகப் பாகூர் ஏரி. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரி. கொள்ளிடத்தில் கீழணை, அங்கிருந்து வடவாறு, அப்புறம் வீராணம் ஏரி. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 84 பாசன ஏரிகள் உண்டு. பல இடங்களில் ஒன்று நிரம்பியதும் அதன் கலங்கலில், அதாவது மிகைநீர் வெளியேறும் இடத்தில், வழியும் தண்ணீர்தான் அடுத்ததற்கு வரத்து. ஆகவே இங்கே ஆற்றுக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் மனிதர் கையில் இருக்கிறது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடினாலும் ஷட்டர் மூடியிருந்தால் உங்கள் ஏரிக்கு அந்த ஆண்டு ஆறு வரவில்லை என்றுதான் கணக்கு.

மூன்று தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஏரியைப் பார்த்தால் எதுவும் விளங்காது. ஒப்பிட வேண்டும். ஆற்று வாய்க்கால் நேராக வந்து விழும் ஏரி ஒன்று. அந்த ஏரியின் கலங்கல் தண்ணீரை நம்பியிருக்கும் அடுத்த ஏரி ஒன்று. எந்த வாய்க்காலும் எட்டாத, மழையை மட்டும் நம்பியிருக்கும் குட்டையோ தாங்கலோ ஒன்று. மூன்றும் சைக்கிளில் போய் வரும் தூரத்துக்குள் இருந்தால் நல்லது. தூரமாக இருந்தால் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவீர்கள்.

ஏன் மூன்று? ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றுச் சமவெளியில் செய்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டின. ஆற்றோடு நன்றாக இணைந்த நீர்நிலைகளில் மீன் வகை அதிகம். துண்டிக்கப்பட்ட குட்டைகளில் தவளை வகை அதிகம். இரண்டுக்கும் இடைப்பட்டவற்றில் மற்ற பல உயிர்கள் செழித்தன. எல்லாம் ஒரே இடத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒரு பகுதியின் மொத்த உயிர்வளம் வேண்டுமானால் இணைந்தது, அரைகுறையாக இணைந்தது, இணையாதது மூன்றுமே வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இதுதான். ஏரி ஆர்வலர்கள் பலர் எல்லாத் தண்ணீரையும் எல்லாத் தண்ணீரோடும் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நோட்டு ஒன்று, தையற்காரர் நாடா ஒன்று, முடிச்சு போட்ட கயிறு ஒன்று, போன் கேமரா. இவ்வளவுதான் தேவை. டிடிஎஸ் மீட்டர் இருந்தால் கூடுதல் வசதி. ஆற்று வெள்ளம் ஏரிக்குள் வந்ததும் உப்பளவு இறங்குவது அதில் தெரியும். இறங்காமல் ஏறினால் வாய்க்காலில் எங்கேயோ சாக்கடை சேர்கிறதா என்று தேடுங்கள்.

ஆடி, ஆவணியில் காய்ந்த வாய்க்காலில் நடை

இந்த நடைதான் முழு வேலையின் முதுகெலும்பு. அவசரப்படாதீர்கள். தண்ணீர் இல்லாத நேரத்தில் நடந்தால்தான் அடித்தளம் கண்ணுக்குத் தெரியும். ஏரி முகப்பில் தொடங்கி ஆற்றை நோக்கிப் போங்கள். மீன் ஏறும் திசையும் அதுதான், மீனின் பார்வையில் வாய்க்காலைப் பார்க்கப் பழகுவீர்கள்.

தடுப்புகளைத்தான் முதலில் எழுத வேண்டும். வாய்க்காலின் தரை திடீரென்று இறங்கும் இடங்களில் செங்குத்தான சிமெண்ட் சுவர் இருக்கும். அதன் உயரத்தை நாடாவில் அளந்து எழுதுங்கள். சின்னக் கெண்டைக்கு முழங்கால் உயரச் சுவரே பெரிய மதில். அதன் மேல் தண்ணீர் மெல்லிய தகடாக வழிந்தால் எம்பிப் பாயவும் ஆழம் கிடைக்காது. விரால் துள்ளும். பனையேறிக் கெண்டை செவுள் மூடியை ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்தே போகும். ஒரே சுவர் ஒரு மீனுக்குக் கதவு, இன்னொரு மீனுக்கு மூடிய கதவு. அதனால் "தடுப்பு இருக்கிறது" என்று மட்டும் எழுதாமல் உயரம், கீழே குழி இருக்கிறதா, சுவர் வழவழப்பா சொரசொரப்பா என்று எழுதுங்கள். சுவருக்குக் கீழே இடுப்பளவு குழி இருந்தால் மீன் ஓடி வந்து எம்ப இடம் உண்டு. சிமெண்ட் தளம் போட்டு மூடியிருந்தால் இல்லை.

அடுத்து, சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்கள். குழாயின் வாய் வாய்க்கால் தரையோடு சமமாக இருக்கிறதா, இல்லை தொங்குகிறதா? தொங்கினால் அது இன்னொரு சுவர். குழாய் குறுகலாக இருந்தால் வெள்ளத்தில் தண்ணீர் வேகம் பிடித்து, சின்ன மீன்கள் எதிர்த்து ஏற முடியாது.

வாய்க்கால் தரை மண்ணா சிமெண்டா என்பதையும் எழுதுங்கள். மண் தரையில் குனிந்து விரலால் லேசாகக் கிளறிப் பாருங்கள். தண்ணீர் வற்றி ஈரம் மட்டும் மிஞ்சிய இடத்தில் அயிரை மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஆட்காட்டி விரல் நீளம்கூட இருக்காது. உடம்பில் பழுப்புப் புள்ளி, வாயைச் சுற்றிக் குட்டி மீசை. கிளறியதும் ஒரு துடிப்பு துடித்து இன்னும் ஆழத்துக்குப் போகும். மணல் இல்லாமல் அதற்கு வாழ்க்கை இல்லை. மூன்று பக்கமும் சிமெண்ட் பூசிய வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வந்து சேரும், பாசனத்துக்கு அது வசதி. ஆனால் அயிரைக்கு அங்கே இடமில்லை. கரையோர வேர்களில் ஒதுங்கும் இறாலுக்கும் இல்லை. உங்கள் வாய்க்காலில் எந்தப் பகுதி இன்னும் மண்ணாக இருக்கிறது என்று போட்டோவோடு குறித்து வையுங்கள். பின்னால் வாதாட இதுதான் உதவும்.

கடைசியாக வாய்க்கால் தலை. அணைக்கட்டு இருக்கும் இடத்தில் ஆற்று மட்டத்தை அது தூக்கிக் கொடுக்கும். அணைக்கட்டு இல்லாமல் ஆற்றிலிருந்து நேராகப் பிரியும் வாய்க்கால்களில், மணல் அள்ளி ஆற்றின் படுகை இறங்கியிருந்தால் வாய்க்காலின் வாய் உயரத்தில் நிற்கும். அங்கே சாதாரண வெள்ளம் வாய்க்காலைத் தொடாது. பெரிய வெள்ளம் வரும் ஆண்டில் மட்டும்தான் தொடர்பு. தென்பெண்ணையில் 1958-ல் கட்டிய சாத்தனூர் அணையும் இருக்கிறது. சின்னச் சின்ன வெள்ளங்களை அது பிடித்துக்கொள்ளும். அது நிரம்பிய பிறகு வருவது ஒரேயடியாக வரும்.

ஷட்டரைப் பார்க்கும் லஸ்கரோடு பேசிப் பழகுங்கள். எந்தத் தேதியில் திறந்தார், எந்தத் தேதியில் இறக்கினார், எத்தனை அங்குலம் தூக்கினார் என்பது அவருக்குத் தெரியும். "அண்ணே, போன வருஷம் எப்ப தொறந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டால் சொல்லுவார். தொடர்பு என்பதை ஆம், இல்லை என்று எழுதாமல், எந்த மாதம், எத்தனை நாள் என்று எழுதினால்தான் உயிரினப் பட்டியலோடு ஒப்பிட முடியும்.

இந்த மாதக் கணக்கில் எங்கள் கடலூர், பாகூர் வட்டாரமே ஒரு நல்ல பாடம். வீராணத்துக்கு வருவது காவிரித் தண்ணீர். மேட்டூர் திறந்தால் ஆடியிலேயே வடவாற்றில் தண்ணீர் ஓடும். பாகூர்ப் பக்கம் நாங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து இருக்கிறோம். ஒரே வட்டாரத்து ஏரிகளுக்கு ஆற்றுத் தண்ணீர் இரண்டு வேறு பருவத்தில் வந்து சேர்கிறது. முட்டையிடும் பருவம் நெருங்கிய மீனுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

புதுத்தண்ணீர் வரும் நாட்கள்

முதல் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது கெண்டை, கெளுத்தி, உளுவை எல்லாம் எதிர்நீச்சல் போட்டு ஏறும். கீழே இருக்கும் ஓடையிலிருந்து கலங்கல் வழியாக ஏரிக்கு ஏறுவதும் உண்டு. பலர் வாய்க்காலில் மட்டும் கவனம் வைத்துக் கலங்கலை மறந்துவிடுகிறார்கள். கலங்கல் கீழேயுள்ள தண்ணீரோடு ஏரிக்கு இருக்கும் தொடர்பு. சரிவாகக் கல் பாவிய பழைய கலங்கலில் மீன் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். செங்குத்தாகக் கட்டிய புதுக் கலங்கலுக்குக் கீழே மீன் குவிந்து கிடக்கும். பிடிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், மீனுக்கு அதோடு பயணம் முடிந்தது.

நீங்களே வலை போட வேண்டாம். ஊத்தா, பறி போன்ற மீன் பிடிக்கும் கூடைகள் வைத்திருப்பவர்கள் அங்கே நிற்பார்கள். அவர்கள் கூடையைப் பார்த்து வகைகளை எழுதுங்கள், எடை வேண்டாம். வயிறு புடைத்த சினை மீன் எது என்று கேளுங்கள், தொட்டே சொல்லுவார்கள். குத்தகைதாரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நில்லுங்கள். ஊசுட்டேரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதி இல்லாமல் தண்ணீரில் இறங்கக்கூடாது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வெள்ளத்தில் யாரும் வாய்க்காலில் கால் வைக்கக்கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்கள் எல்லாம் அதைப் பார்த்தோம். எந்த மீன் கணக்கும் அதற்கு முன்னால் பெரிதில்லை. கரையில் நின்று பாருங்கள், குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

தண்ணீரோடு வருவது மீன் மட்டுமில்லை. அல்லி விதை, வேலம்பாசித் துண்டு, நத்தை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் உறங்கும் முட்டை, வண்டல் எல்லாமும் வரும். ஆகாயத்தாமரையும் அதே வழியில்தான் வரும். ஜிலேபி மீனும், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும், மீன் தொட்டியிலிருந்து யாரோ கொட்டிவிட்ட மீன்களும் அப்படித்தான். வாய்க்கால் திறந்திருப்பது நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே வழி. இவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். எந்த ஆண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் தடுக்க முடியும்.

விலாங்கைத் தேடுங்கள்

ஒரே ஒரு உயிரை வைத்து உங்கள் ஏரி கடல் வரைக்கும் தொடர்பில் இருக்கிறதா என்று சொல்ல முடியும். அது விலாங்கு. விலாங்கு ஏரியில் முட்டையிடாது. கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக முகத்துவாரத்துக்கு வந்து, ஆறு ஏறி, வாய்க்கால் ஏறி, ஏரியில் பல ஆண்டுகள் வளர்ந்து, கடைசியில் முட்டையிடக் கடலுக்கே திரும்பிப் போகும் மீன். பாகூர்ப் பக்கத்து ஏரியில் ஒரு விலாங்கு கிடைத்தால், கடலூர் முகத்துவாரத்திலிருந்து அந்த ஏரி வரைக்கும் ஒவ்வொரு தடுப்பும் ஏதோ ஒரு நாளில் அதற்கு வழி விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கவனம். ஆராலைப் பார்த்து விலாங்கு என்று எழுதிவிடாதீர்கள். ஆராலுக்கு மூக்கு கூர்மையாக நீண்டிருக்கும். முதுகில் விரலை வாலிலிருந்து தலை நோக்கி ஓட்டினால் முள் வரிசை குத்தும். விலாங்குக்கு முதுகில் முள் கிடையாது. தலைக்குப் பின்னால் இரு பக்கமும் சின்ன மார்புத் துடுப்பு, முதுகுத் துடுப்பும் வாலும் அடிப்பக்கத் துடுப்பும் ஒரே நாடாவாகச் சேர்ந்திருக்கும். கையில் நிற்காது, அவ்வளவு வழவழப்பு. இரண்டாவது, அளவு எழுதுங்கள். கை மணிக்கட்டு பருமன் விலாங்கு பழைய தொடர்புக்குச் சாட்சி, அது வந்து பல ஆண்டாகியிருக்கும். பென்சில் பருமன் விலாங்கு கிடைத்தால்தான் வழி இப்போதும் திறந்திருக்கிறது. பெரியது மட்டும் கிடைத்து, சின்னது கிடைப்பதே இல்லை என்றால், இடையில் ஏதோ ஒரு தடுப்பு புதிதாக வந்திருக்கிறது. உங்கள் நோட்டில் இருக்கும் தடுப்புப் பட்டியலை எடுத்து, அண்மையில் கட்டியது எது என்று பாருங்கள். இந்த ஒரு சோதனைக்காகவே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விலாங்கு எது, ஆரால் எது என்று பிரித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறேன்.

மார்கழியில் ஒரு பட்டியல், பங்குனியில் ஒரு பட்டியல்

வெள்ளம் வடிந்ததும் மூன்று தண்ணீரிலும் மீன், நத்தை, நீர்ச்செடி வகைகளைப் பட்டியலிடுங்கள். பங்குனியில் மறுபடி. அப்புறம் இரண்டு இரண்டாக ஒப்பிடுங்கள். கணக்கு எளிது. இரண்டிலும் பொதுவாக உள்ள வகைகளை, இரண்டையும் சேர்த்த மொத்த வகைகளால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, பெரிய ஏரியில் 12 வகை, அடுத்த ஏரியில் 8 வகை, பொதுவாக 5 வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15. ஐந்தைப் பதினைந்தால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு ஒற்றுமை.

வாய்க்கால் ஓடிய ஆண்டில் மார்கழிக் கணக்கில் ஒற்றுமை கூடுதலாக இருக்கும், பங்குனியில் குறையும். 2007-ல் பிரேசில் ஆய்வாளர்கள் இதையே ஆற்றுச் சமவெளிகளின் பொது இயல்பாக எழுதினார்கள்: வெள்ளம் நீர்நிலைகளை ஒன்றுபோல் ஆக்குகிறது, வடிந்த பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் பிரிந்துபோகிறது. ஒன்று கலங்கும், ஒன்று தெளியும். ஒன்றில் அல்லி மூடும், ஒன்றில் சம்பு ஏறும். ஒன்று சித்திரையில் காய்ந்துபோகும். இந்தப் பிரிவுதான் ஒரு வட்டாரத்தில் இத்தனை வகை உயிருக்கு இடம் கொடுக்கிறது. உங்கள் மூன்று தண்ணீரும் மார்கழியிலேயே துளியும் ஒத்துப்போகவில்லை என்றால் வாய்க்கால் வேலை செய்யவில்லை. பங்குனியிலும் ஒன்றுபோலவே இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே ஜிலேபியும் ஒரே ஆகாயத்தாமரையும் பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள்.

மீன் பட்டியலை வாசிக்க ஒரு வழி சொல்கிறேன். விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை நான்கும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். சேறு மட்டும் மிஞ்சினாலும் தாக்குப்பிடிக்கும். பட்டியலில் இவை மட்டுமே இருந்தால் அது துண்டிக்கப்பட்ட, வற்றி வற்றி நிறையும் தண்ணீர். பலவகைக் கெண்டை, வாளை, உளுவை சேர்ந்திருந்தால் ஆறு வந்துபோகிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்க்காதீர்கள். அவை குத்தகைக்காரர் விட்டவை, தேங்கிய ஏரியில் அவை இனம் பெருக்குவதில்லை. எங்கள் குடும்பமே விட்டிருக்கிறது, அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்.

தை மாதப் பறவைகள்

பறவைகள் பறந்து வரும், அவற்றுக்கு வாய்க்கால் எதற்கு என்று கேட்பார்கள். பறவைக்கு வேண்டியது தீனியும் ஆழமும். இரண்டையும் தருவது வாய்க்கால். நத்தைகுத்தி நாரை வந்தால் நத்தை இருக்கிறது. நத்தை கோடையில் சேற்றுக்குள் மூடியை அடைத்துக்கொண்டு கிடந்து புதுத்தண்ணீரில் எழுந்து வருவது. இலைக்கோழிக்கு நடந்து போக அல்லி இலை வேண்டும். கூழைக்கடாவுக்கு விசாலமான தண்ணீரும் நிறைய மீனும் வேண்டும். உள்ளானுக்குக் கணுக்கால் ஆழம், மடையானுக்கு ஆழமில்லாத ஓரம், ஊசிவால் வாத்துக்கு அதைவிடக் கொஞ்சம் ஆழம்.

எனவே பறவையோடு ஆழத்தையும் எழுதுங்கள். முடிச்சுக் கயிறு அதற்குத்தான். தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கும் ஏரியில் ஒவ்வொரு வாரமும் புதிய விளிம்பு வெளியே வரும், புதிய பறவை வரும். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். உங்கள் மூன்று தண்ணீரையும் அதே நாளில் எண்ணிவிடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட ஒரே பருவத்துக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

குட்டையை அப்படியே விடுங்கள்

மூன்றாவது தண்ணீருக்கு வருகிறேன். மழைக்குட்டை. மூன்று நான்கு மாதம் நிற்கும், அப்புறம் ஆடு மேயும். இதைப் பார்த்தால் உதவி செய்யத் துடிப்பவர்களுக்குக் கை பரபரக்கும். ஆழப்படுத்தலாம், வாய்க்காலோடு சேர்க்கலாம், மீன் விடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஐப்பசி மழை முடிந்த இரண்டாவது வாரம் அந்தக் குட்டையில் குனிந்து பாருங்கள். விளிம்பில் புல் மூழ்கிய இடத்தில் தலைப்பிரட்டைகள் கறுப்பு மிளகு கொட்டியதுபோல் மொய்த்திருக்கும். அவற்றுக்கு அடியில், சேற்று நிறத்திலேயே, தட்டானின் நீர்ப்புழு ஆறு காலையும் பரப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஏதாவது பக்கத்தில் வந்தால் அதன் கீழுதடு மடிப்பிலிருந்து நீண்டு பிடித்துவிடும். மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கிறதே மஞ்சள் தட்டான், அது முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட தற்காலிகத் தண்ணீரைத்தான். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவரை போகும் பூச்சி அது. இவை பிழைப்பது அங்கே மீன் இல்லாததால். ஒரு வாய்க்கால் இணைத்து நாலு கெண்டை உள்ளே வந்தால் தலைப்பிரட்டையும் நீர்ப்புழுவும் அதற்கு இரை. கொசுவுக்காக விடும் கம்பூசியா மீனும் இதையே செய்யும். கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் நீர்ப்புழுவையும் சேர்த்துக் கெடுக்கிறோம்.

கடலோரத்துக்கு ஒரு குறிப்பு. கெடிலம், உப்பனாறு, பரவனாற்றின் கடைமடைப் பக்கம் நீங்கள் இருந்தால் ஒரு பட்டியல் கூடுதலாக வேண்டும். மடவை, கொடுவா, இறால் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று எழுதுங்கள். கடல்நீர்த் தடுப்பணை கட்டுவதற்கு முன்னும் பின்னும் இந்தப் பட்டியல் இருந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

நோட்டை எங்கே கொண்டுபோவது

கடலூர் மாவட்டத்தில் கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கூட்டம் இதற்குப் பொருத்தம், பங்குனிக் கணக்கும் கையில் இருக்கும். ஷட்டர், வாய்க்கால் விஷயம் நீர்வளத்துறைக்குப் போகும். புதுச்சேரிப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகமும் பொதுப்பணித்துறையும். "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. இந்த இடத்தில் இவ்வளவு உயரச் சுவர், அதன் அடியில் சரிவாகப் பெரிய கற்களை அடுக்கினால் மீன் ஏறும் என்று போட்டோவோடு எழுதுங்கள். செலவு குறைவு, யாருக்கும் பாசனம் கெடாது.

கேட்க வேண்டியவை இன்னும் சில. முதல் புதுத்தண்ணீர் வரும்போதே ஷட்டரைக் கொஞ்சமாவது தூக்கி வைப்பது. ஏரி நிரம்பியதும் ஒரேயடியாக இறக்காமல், பாசனத்துக்குப் பாதகமில்லாத அளவுக்கு ஒழுக விடுவது. வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பறி கட்டாமல் நடுவில் ஓர் ஆள் அகலம் விடச் சொல்லி ஊரில் பேசி முடிப்பது. இதில் மீன் பிடிக்கிற நாங்களே முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஒத்துக்கொண்டோம். தூர்வாரும்போது ஏரியின் அடியைச் சமதளமாக இழைக்காமல், ஓரத்தில் ஆழமில்லாத திட்டும் நடுவில் ஆழமான குழியும் விடுவது. கோரை, சம்பை முழுக்க வெட்டாமல் ஒரு கரையில் விட்டுவைப்பது. வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசும் திட்டம் வந்தால், குறைந்தது தரையையாவது மண்ணாக விடக் கேட்பது.

எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த ஆடியில் நடக்கும்போது அதே சுவரை அதே நாடாவில் மறுபடி அளந்து பாருங்கள்.